நண்டு முடிச்சு

புதுக் கோட்டு கைக்கு வந்ததும் அளவு நாடாவைத் தேடமாட்டார்; முதலில் பாக்கெட் தையலைப் பிரித்து உள்ளே இரண்டு விரல். துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வாங்கியவர் உடம்புக்கேற்பக் குட்டையாக்கித் தரும் இந்தத் தையற்காரம்மாவுக்குக் கடைப்பெண்கள் வைத்த பெயர் ‘சோதனைச் சாவடி’.

புதுக் கோட்டின் பாக்கெட்டுகள் ஆலையிலேயே தைத்து மூடி வரும். மூடிய பாக்கெட்டுக்குள் என்ன இருந்துவிடப் போகிறது? இவருடைய தகர டப்பாவைத் திறந்தால் தெரியும். ஒரு பால்பல். சாயம் பூசிய நகம், வெட்டியதல்ல, முழுசு. கட்டைவிரல் ரேகை பதிந்த துணித்துண்டு, பழுப்பு ரேகை. என்ன மை என்று யாரும் கேட்டதில்லை.

“தூக்கிப் போடுக்கா, பாக்கவே சகிக்கல,” என்பாள் பில் போடும் பெண்.

“இருக்கட்டும்டி. பல்லுக்காரி தேடிட்டு வந்தா?”

மேலாளர், “இலவச இணைப்பும்மா!” என்று சிரித்தார். அன்று முழுவதும் தன் பாக்கெட்டில் கைவிடாமல் நடந்தார்.

இவர் தேடுவது தங்கையை. இருபத்து மூன்று வயது. இடுப்புவரை கருகருவென்று முடி. இந்தக் கோட்டுகளைத் தைக்கும் ஆலைக்குக் கடல் தாண்டிப் போனவள், இரண்டு வருடமாகக் கிணற்றில் போட்ட கல். இடக்கைக்காரி, நூல் முடிச்சைப் பின்பக்கமாகத்தான் இழுப்பாள். “நண்டாட்டம் எங்கடி போற?” என்று இவர் கிண்டலடித்ததில், வீட்டில் அதற்கு நண்டு முடிச்சு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பழுதான கோட்டுகள் ஆலைக்கே திரும்பும். போன மழைக்காலத்தில் அப்படிப் போன ஒன்றின் பாக்கெட்டில், தன் செம்பட்டை முடியில் ஒரு கொத்தை வைத்து, பழகாத இடக்கையால் தட்டுத்தடுமாறி நண்டு முடிச்சுப் போட்டு அனுப்பினார். கடிதம் என்றால் பிடுங்கிவிடுவார்கள். முடியை யார் படிப்பது?

நேற்று மதியம் ஒருவர் புதுக் கோட்டை நீட்டினார். “கை நீளமா இருக்கும்மா. கொஞ்சம் சீக்கிரம்.”

பாக்கெட் வாயைத் தொட்ட விரல் நின்றது. முடிச்சு பின்பக்கமாக நடந்திருந்தது. பிரித்தார். உள்ளே அதே செம்பட்டை முடி. அதோடு இன்னொரு முடியும் சேர்ந்து, அவிழாதபடி இறுகப் பின்னியிருந்தது. அந்த இன்னொன்று, அடி முதல் நுனிவரை வெள்ளை.

“என்னம்மா அது?”

“நூலு சார். உள்ளயே விட்டுட்டாங்க.”

பின்னலைத் தன் கொண்டைக்குள் ஆழச் செருகிக்கொண்டார். “கைய நீட்டுங்க சார்,” என்று அளவு நாடாவை எடுத்தார், இடக்கையால்.