ஓட்டல் போனில் அம்மா

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்து ஓட்டலில் அம்மாவுக்கு ரூம் புக்கிங் போனை எடுக்கும் வேலை கிடைத்தபோது நான் நான்காம் வகுப்பு. அப்பா தாண்டிக்குடியில் ஜீப் ஓட்டினார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பேத்துப்பாறை வீட்டில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் டிவியும்தான்.

வேலைக்கு முன்னால் கொஞ்ச நாள் பயிற்சி இருந்தது. அங்கே கற்ற இங்கிலீஷை அம்மா என்னிடம்தான் பழகினாள். பூண்டு உரித்துக்கொண்டே அவள் ஓட்டல்காரியாவாள், நான் சென்னையிலிருந்து பேசும் பணக்கார மேடம்.

"பேர் வித் மீன்னா, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு அர்த்தம். ஐ வில் கெட் பேக் டு யூன்னா, விசாரிச்சுட்டுக் கூப்பிடுறேன்னு அர்த்தம். அதுக்கு நீ, ஷ்யூர், டேக் யுவர் டைம்னு சொல்லணும். வெரசாச் சொல்லு பாப்பா."

நான் மூக்கால் பேசிக் காட்டுவேன். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் எனக்கே எனக்கென்று இருந்த நாட்கள் அவை.

வேலையில் சேர்ந்ததும் ஆளையே பிடிக்க முடியவில்லை. வெள்ளனே பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். வேலை நேரத்தில் சொந்த போனைப் பூட்டி வைத்துவிட வேண்டும். புக்கிங் போனில் இங்கிலீஷ் தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாது.

பள்ளி ஆண்டு விழாவில் எனக்குக் கும்மி. லீவு கேட்டுக்கொண்டு நேரே பள்ளிக்கு வந்து சேலை கட்டிவிடுவதாக அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மற்ற பிள்ளைகளை அவரவர் அம்மாக்கள் ஜோடித்து முடித்துவிட்டார்கள். நான் சேலையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். கடைசியில் டீச்சரிடம் போன் வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஓட்டல் நம்பருக்குக் கூப்பிட்டேன்.

"குட் ஆஃப்டர்நூன்" என்றது அம்மாவின் குரல்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தமிழில் பேசினால் அம்மாவுக்கு ஏச்சு விழும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எப்போது வருவீர்கள் மேடம் என்று கேட்டேன்.

அம்மாவுக்குப் பக்கத்தில் ஏதோ ஆண் குரல் கேட்டது, மேனேஜராக இருக்கும்.

"ஐ வில் கெட் பேக் டு யூ, மேடம்" என்றாள், வீட்டில் பழகியதைவிட அழகாக.

"ஷ்யூர், டேக் யுவர் டைம்" என்றேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு மறுமுனையில் சத்தமே இல்லை. எங்கள் பக்கம் டவர் அடிக்கடி போகும். அதுதான் என்று நினைத்துப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். டீச்சரே சேலை கட்டிவிட்டார். அம்மா விசாரித்துவிட்டுக் கூப்பிடுவாள் என்று, ஆடும்போதும் போன் இருந்த டீச்சரின் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் போனில் டவர் முழுசாகத்தான் காட்டியது என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது. அம்மா போனை வைக்க மனமில்லாமல், பேசவும் முடியாமல் லைனிலேயே இருந்திருப்பாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.