ஏழுமலை பார்த்துக்கொண்ட பிள்ளை

சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். புத்தி பேதலித்தவர்கள் நடுவிலேயே குடித்தனம் நடத்தியவளுக்குப் பேயிடம் என்ன பயம்?

என் மாமனார் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆஸ்பத்திரியில் அன்ஃபிர்மியே, அதாவது ஆண் நர்ஸ். வெள்ளைக்காரன் போன கையோடு வேலையை விட்டுவிட்டு, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே மனநோயாளிகளை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் கல்யாணமாகி வந்தபோது ஒன்பது பேர் இருந்தார்கள். சங்கிலி, பூட்டு எதுவும் கிடையாது, எல்லாருக்கும் எங்களோடு ஒரே பந்தி. ஒரே ஒரு சட்டம், அவர்கள் இருக்கிறது என்று சொல்வதை நாம் இல்லை என்று சொல்லக் கூடாது. "நாமளும் இல்லன்னு சொல்லிட்டா அவங்க எங்கம்மா போவாங்க?" என்பார். மகராசன், தங்கமான மனுஷன்.

அந்த ஒன்பது பேரில் வேதவல்லி வில்லியனூர்ப் பக்கத்துக்காரி, கழனி வேலை செய்கிற குடும்பம். நாலு வயது மகன் ஏழுமலை செத்துப் போனதிலிருந்து, அவன் பக்கத்திலேயே இருக்கிறான் என்று பேசிக்கொண்டே இருப்பாள். பந்தியில் அவனுக்கும் ஒரு இலை போடுவோம். பெருக்கும்போது "ஏழுமல, எட்ட நவுருடா" என்போம். முதலில் எனக்குச் சிரிப்பாக வந்தது. போகப் போக வாயில் தானாக வர ஆரம்பித்துவிட்டது, நம்பினால் நம்புங்கள், அவனை அதட்டிக்கூட இருக்கிறேன்.

என் மகள் சுமதிக்கு அப்போது ஒன்றரை வயது. ஒருநாள் மதியம், மாமா வேதவல்லிக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார், என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். சுமதி கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்தாள், உள்ளே உலை பொங்குகிற சத்தம். "ஏழுமல, பாப்பாவப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பிறகு முன்கட்டில் பந்தி போட்டு எட்டுப் பேருக்கும் பரிமாறினேன், எட்டுப் பேரும் என் கண்ணெதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் மாமாவும் வேதவல்லியும் வாசல் வழியாக உள்ளே வந்தார்கள்.

"பாப்பா எங்கம்மா?" என்றாள் வேதவல்லி.

"கொல்லையில ஏழுமல கூட வெளையாடுது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எந்த ஏழுமல? அவன்தான் செத்துட்டானேம்மா."

ஐயோ, எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை! கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கொல்லைக் கிணற்றுக்கு முழங்கால் உயரக் கட்டைச்சுவர்தான். இல்லாத ஒருத்தனை நம்பிப் பெற்ற பிள்ளையைக் கிணற்றடியில் விட்டிருக்கிறேனே பாவி!

சின்னக் காலடி ஈரமாகக் கிணற்றுக் கட்டைவரை போயிருந்தது. சுமதி பின்தாழ்வாரத் தூணருகே உட்கார்ந்து வெற்றுக் குவளையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் ஒரு துண்டு, அதன் மறுமுனை தூணில் முடிச்சுப் போட்டிருந்தது, என் முழங்காலுக்கும் கீழே. என்னால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, அறுத்துத்தான் எடுத்தேன். பின்சந்துக்குத் திறக்கிற கொல்லைக்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

"யாரு மாமா கட்டுனது?" என்று அழுதேன். "யாரு கட்டுனா என்னம்மா, புள்ள கெடச்சுதுல்ல" என்று அவளைத் தூக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து வேதவல்லி தெளிந்துகொண்டே வந்தாள். மூன்று மாதத்தில் அழைத்துப் போகப் புருஷன் வந்தான். பிள்ளை எப்படிப்பா செத்தான் என்று தனியாக விசாரித்தேன்.

"கெணத்துலம்மா. வேலையா இருக்கும்போது தெனம் அவன இடுப்புல துணி போட்டுத் தூண்ல கட்டிடுவா. அன்னிக்கு அழுதான்னு அவுத்து வுட்டுட்டா."

வண்டி ஏறும்போது வேதவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்குப் பாப்பாவக் கட்டுனது யாருன்னு தெரிஞ்சுதாம்மா?" என்றாள். உன் பிள்ளைதான் என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அவள் மறுபடி அவனோடு பேச உட்கார்ந்துவிடுவாளே?

"நான்தாண்டி கட்டுனேன், பதட்டத்துல மறந்துட்டேன்" என்றேன்.

"நல்லவேள கட்டுனீங்க" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் செய்தது நல்லதுதான் என்று மாமா சொன்னார். ஆனாலும் பெற்றவளிடம் மறைத்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

சுமதி மனநல டாக்டருக்குப் படித்து, இன்று அதே வீட்டில் அதே வேலையைப் பார்க்கிறாள். இதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. ஆனால் தெருவைக் கடக்கும்போது மட்டும் வலது கையைக் கொஞ்சம் கீழே நீட்டி, எதையோ பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை எட்டிப் போடுகிற நடைக்கு ஈடாக மெதுவாக நடக்கிறாள். ஒருதரம் கேட்டேவிட்டேன், "ஏண்டி கைய அப்படி வெச்சிக்கிற?"

"எப்படிம்மா?" என்று கையைப் பார்த்தாள். அப்போதும் விரல்களை விரிக்கவில்லை.