சாட்டிலைட் நகந்துட்டு அண்ணாச்சி!

போன வாரம் இலஞ்சியில் ஒரு மொட்டை மாடியில் நின்று பொய் சொன்னேன். அந்தப் பொய் பாதி உண்மை என்று தெரிந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு என் பிழைப்பு தெரியும். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, தென்காசி வட்டாரத்தில் வீடு வீடாக டிஷ் மாட்டுகிறவன். டிவி தெரியாத நாட்களில் மட்டும் ஊருக்கு என் ஞாபகம் வரும்.

குற்றாலத்தில் சீசன் என்றால் உங்களுக்கு அருவி, சாரல், பிரியாணி. எனக்கு? காற்று. ஆரியங்காவு கணவாய் வழியாக வந்து ஒரு தள்ளுத் தள்ளினால் போதும்... மாடியில் இருக்கிற டிஷ் லேசாகத் திரும்பிக்கொள்ளும். டிவியில் சிக்னல் இருக்காது. உடனே போன். அதற்கென்று எங்கள் தொழிலில் ஒரு வசனம் வைத்திருக்கிறோம் — "சாட்டிலைட் நகந்துட்டு அண்ணாச்சி!"

யார் மேலே போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

போன வாரம் போன் செய்தவர் செல்வியின் அப்பா. வீடு இலஞ்சியில், தென்காசியில் உரக்கடை வைத்திருப்பவர். செல்வி பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். என்னைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் வீட்டில் சொல்லிக் கொஞ்ச நாளாகிறது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த நிலைமையில் 'படம் தெரியல, வந்து பாரும்' என்றால் எப்படி இருக்கும்? பரீட்சைக்குப் போகிற மாதிரிதான் போனேன். பரீட்சைகளில் நான் எப்படி என்பதும் உங்களுக்குத் தெரியும்.

மாடி ஏறினேன். டிஷ் எனக்கென்ன என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டியது நான்தான். அன்றைக்கு செல்வி காபி கொண்டுவந்தாள்... கடைசி நட்டை முறுக்கினேனா இல்லையா? காபியில் சர்க்கரை போதவில்லை என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. நட்டு ஞாபகம் இல்லை.

பின்னாலேயே அவரும் ஏறி வந்துவிட்டார்.

"என்னவே, என்ன கோளாறு?"

வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. "சாட்டிலைட் நகந்துட்டு அண்ணாச்சி!"

"அண்ணாச்சியா?" அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் உமக்கு அண்ணாச்சின்னா, எம் மவ உமக்கு மவ முறைல்லா வே? சித்தப்பாவா வந்து பொண்ணு கேக்கீரு?"

"ஐயோ, இல்ல மாமா..."

"மாமாவா? அதுக்குள்ளயா?"

எப்படிக் கூப்பிட்டாலும் அடி.

"ஏட்டி செல்வி, இங்கன வா! சாட்டிலைட் நகருமா?"

செல்வி வந்தாள். காப்பாற்றுவாள் என்று நினைத்தேன்.

"நகருமேப்பா. பூமி இடுப்பு சரியான வட்டம் இல்ல, லேசா அமுங்குன மாதிரி இருக்கும். அதனால மேல உள்ள சாட்டிலைட்ட கொஞ்சங்கொஞ்சமா பக்கவாட்டுல இழுத்துட்டே இருக்கும்."

என் நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருஷமாக நான் பேசிக்கொண்டிருந்தது விஞ்ஞானமா!

"உள்ள அடைச்ச கேஸ் தீந்துபோன சாட்டிலைட்டுல சிலது நம்ம பக்கம் வந்துதான் மாட்டும். மாலத்தீவு கிட்ட, கடலுக்கு மேல ரொம்ப ஒசரத்துல ஒரு எடம்... குழி மாதிரி. ஊஞ்சல் கணக்கா அங்கனயே போறதும் வாறதுமா கெடக்கும்."

"வேல வெட்டி இல்லாம?" என்று கேட்டுவிட்டு, அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

திருப்பூர் போனேன், திரும்பினேன். சென்னை போனேன், திரும்பினேன். கொல்லம் போய், சோறு பிடிக்காமல் திரும்பினேன். கேஸ் தீர்ந்ததெல்லாம் எந்தக் குழிக்கு வந்து சேரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அதாவது பரவால்லப்பா. இன்னொரு குழி பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மேடு. அந்த மேட்டுல நிக்குதது எந்தப் பக்கம் சரியும்னு ரொம்ப முன்கூட்டி யாராலயும் கணக்குப் போட முடியாது. இம்மி வித்தியாசம் போதும், வேற எங்கயோ போயிரும்."

நான் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மேடு. சந்தேகமே இல்லை, நான் நிற்பது அந்த மேட்டில்தான்.

"அப்பம் இவரு சொன்னது நெசந்தானா?"

"எங்க நெசம்ப்பா! வேலை செய்யுத சாட்டிலைட்ட அப்பப்பம் கேஸ் பீச்சி எடத்துலயே நிறுத்திருவாங்க. நம்ம டிவிக்கு உள்ளது எங்கயும் போகல. இவுக நட்ட முறுக்கல."

ஊரறியக் கட்டிக்கொள்ள நினைத்த பெண் ஐயா இவள்!

அவர் சிரிக்கவில்லை. "வானத்துல உள்ளது நிக்குது. நீரு மாட்டுனது நிக்கல. என் பிள்ளைய எத நம்பிக் குடுக்க?" டிஷ்ஷை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். "சரி, இப்பம் முறுக்கும். இந்தக் காத்துல ஒரு வாரம் படம் விடாமத் தெரிஞ்சா, உங்க வீட்டுப் பெரியவங்கள வரச் சொல்லும். இல்லன்னா டிஷ்ஷக் கழத்திட்டுப் போயிரும்."

முறுக்கினேன். நட்டு கதறுகிற அளவுக்கு முறுக்கினேன்.

அந்த வாரம் காற்றுக்கு என்மேல் என்ன கோபமோ! குற்றாலம் அருவியில் போலீஸ் யாரையும் குளிக்கவே விடவில்லை. லாட்ஜ்களிலிருந்து ஓயாமல் போன். அங்கே மாடிகளில் டிஷ் ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம், இலஞ்சி டிஷ்தான் என் கண்முன்னால் ஆடியது. வேலை இல்லாவிட்டாலும் அந்தத் தெரு வழியாக பைக்கில் போனேன். அண்ணாந்து பார்த்தேன். நின்றது. மறுநாளும் நின்றது. எனக்கே ஆச்சரியம். நான் மாட்டிய எதுவும் இப்படி நின்றதில்லையே?

வாரம் முடிகிற அன்று காலையில் பொறுக்க முடியவில்லை. செல்வி பள்ளிக்கூடம் கிளம்பிய பிறகு, வெளிப் படிக்கட்டு வழியாக ஏறினேன்.

மேலே அவள் அப்பா. காற்றில் வேட்டி படபடக்க, ஒரு கையால் டிஷ்ஷைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஸ்பானரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

"என்ன மாமா இது?"

"பின்ன என்னவே? நீரு முறுக்குன லெட்சணம், மறுநா காலைலயே படம் போயிட்டு. தெனம் ஏறி நான்தான் திருப்பி வைக்கேன். முட்டு வலி உயிரு போகுது!"

"அப்பம்... கழத்தச் சொல்லியிருக்கலாம்லா?"

அவர் மலைப் பக்கம் பார்த்தார். "அவ ஆசப்பட்டுட்டா. நான் என்ன செய்ய?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லிராதீரும். டிஷ் தானாத்தான் நின்னுச்சுன்னு இருக்கட்டும். ஞாயித்துக்கெழம உங்க வீட்ல வரச் சொல்லும்."

கேஸ் பீச்சி நிறுத்துவது என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேலே நிலையாக நிற்கிற எதற்காகவும் கீழே யாருக்கோ முட்டு வலிக்கிறது.

செல்வியிடம் சொல்லமாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அதனால் என்ன... அவள்தான் இந்தப் பத்தியைப் படிப்பதே இல்லையே!