பதில் பாட்டு

1991. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் எல்லார் பையையும் போலீஸ் திறக்கச் சொன்ன வருஷம். ஊரே சந்தேகப்பட்டது, நானோ பிறவியிலேயே அப்படி. கேண்டீனில் ஒரு வடை கூடுதலாக வைத்தால், எப்போது சுட்டது என்று கேட்கிற ஆள்.

நானும் என் கூட்டாளியும் பிள்ளைப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் ஒரு ஸ்பிரிங் கம்பெனிக்குப் போய்வந்தோம். இரண்டு பேரும் டிரெய்னி. வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது. ஆனால் பங்குனி, சித்திரை, ஆடி வந்துவிட்டால் தெருக்கூத்துக்குப் போயாக வேண்டும். அவன் ராணி வேஷம், நான் ராஜா வேஷம். லீவ் லெட்டரில் என் பெரியப்பாவை மூன்று முறை சாகடித்திருந்தேன். மறுநாள் ஷிஃப்டுக்குப் போகுமுன், காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அரிதாரத்தைத் தோல் எரியத் தேய்ப்பேன்.

ஆயுத பூஜைக்கு முன் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். விழாவுக்குக் கலைத் திறமை உள்ள தொழிலாளர்கள் பெயர் கொடுக்கலாமாம். ஆடி மாதம் யார் யார் காணாமல் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி ஏது?

"கூத்து இன்னா திருட்டாடா? பேர் குடுத்துட்டு வரலாம், வா" என்றான் கூட்டாளி.

"குடுக்கறதுன்னா நீ குடு. என் பேரை இழுத்தேன்னா எங்க வூட்டுப் பக்கம் வராத."

தன் பெயரை மட்டும் கொடுத்தான்.

கம்பெனி ஷெட்டில் நடந்த விழாவில் முதலில் மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர், தொழிலாளிக்கும் கலை ரசனை வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிய விடியப் பாடுகிறவனுக்கு இவர் ரசனை கற்றுத்தருகிறார்.

பிறகு அவன் வந்தான். புடவை, கொண்டை, காலில் சலங்கை. ராணி ராஜாவிடம் நியாயம் கேட்கிற பாட்டு. ராணி ஓர் அடி கேட்டால் ராஜா ஓர் அடி பதில் பாட வேண்டும். கேட்டுவிட்டு நின்றான். கூட்டத்தில் தேடி, கண்ணை என் மேல் வைத்தான். முன்வரிசையில் இருந்த, எங்கள் லீவ் கணக்குப் பார்க்கிற பர்சனல் ஆபீசர், அவன் யாரைப் பார்க்கிறான் என்று திரும்பினார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

இரண்டாம் முறையும் கேட்டான். தொண்டை வரை வந்த பதிலை விழுங்கினேன். அப்புறம் அவனே குரலை இறக்கி என் அடியையும் பாடினான். ஷெட்டே கைதட்டியது. நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

தை மாதம் இரண்டு பேருக்கும் வேலை நிரந்தரமானது. ஆபீசர் அவனுக்குக் கைகொடுத்து, "அடுத்த வருஷமும் ஆடணும்" என்றார். என்னிடம் திரும்பி, "உனக்கு இந்த மாதிரி ஏதாவது வருமா?" என்றார். இதை எதற்குக் கேட்கிறார் என்று யோசித்தேன்.

"வராது சார்" என்றேன். பக்கத்தில் நின்றவன் தன் வேலை ஆர்டரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பங்குனியில் கூத்துக்கு அரிதாரம் பூச உட்கார்ந்தோம். அதுவரை அந்த விழாவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததையும் நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்து மை தீட்டிக்கொண்டே கேட்டான்:

"இன்னிக்கி பதில் பாடுவியா, இல்ல நானே பாடிக்கட்டுமா?"