வீ. ரா. 1879

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற முருகையாவுக்குக் குடும்பச் சொத்து என்று ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு துப்பாக்கி. குடியிருந்த லயத்து ஒற்றையறைக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், கட்டிலில் பாதி மூட்டைப்பூச்சிக்குச் சொந்தம், துப்பாக்கி மட்டும் அவருக்குச் சொந்தம். அவருடைய பாட்டன் ராக்கன் காட்டுப்பன்றி விரட்டும் காவல்காரனாக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய ஒரு துரை கொடுத்துவிட்டுப் போனது. பாட்டனுக்குப் பின் அப்பா வீரய்யா, அவருக்குப் பின் முருகையா. ஐம்பது வருடமாக அது சுட்டதில்லை. கூரைத் தகரத்துக்கு அடியில் சாக்குச் சுற்றிப் படுத்துக் கிடந்தது.

அதன் இரும்பில் ஒரு கிரீடம், கீழே இங்கிலீசில் வீ, ஆர் என்று இரண்டெழுத்து, அதற்கும் கீழே 1879. அந்த இரண்டெழுத்தில் முருகையாவுக்குச் சந்தேகமே கிடையாது. பாட்டன் பெயர் ராக்கன், பாட்டனைப் பெற்றவர் வீரன். தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், தன் பெயர் பின்னால். வீ. ராக்கன். பிரியப்பட்டுக் கொடுத்த சாமானில் துரை பெயர் வெட்டிக் கொடுக்கமாட்டாரா என்ன? அப்படியானால் கிரீடம் எதற்கு என்று அவர் மனைவி பெரியாயி ஒருமுறை கேட்டாள். "அது தலப்பா மாதிரி, மரியாதைக்கு" என்றார் முருகையா. அவரிடம் பதில் இல்லாத கேள்வி உண்டா!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருடம் அவருடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனுவுக்குப் பதில் வந்தது. பாட்டன் காலம் தொட்டு இலங்கையில் இருப்பதற்கு எழுத்தில் சாட்சி வேண்டும், இல்லையென்றால் இந்தியாவுக்குப் போக வேண்டியதுதான். பிறப்புப் பதிவு பாட்டனுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. முருகையா இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஏதோ ஊர் என்று கேள்வி, அந்த ஊரின் பெயர்கூட வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. அங்கே போய் எந்த வாசலில் நிற்பது?

அப்போதுதான் துப்பாக்கி ஞாபகம் வந்தது. எழுத்தில் சாட்சி! இரும்பிலேயே எழுதியிருக்கிறதே! லுணுகலையில் காசுக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதுகிறவரிடம் ஓடினார். அந்த மனிதர் துப்பாக்கியைப் பார்க்காமலே, கேட்டதைக் கேட்டபடி எழுதினார்: 'எனது பாட்டனாரின் பெயரும் 1879 என்ற ஆண்டும் பொறித்த துப்பாக்கி என் வசம் உள்ளது.' தபாலில் போட்ட பிறகு, "துவக்கு தெரிஞ்ச ஆள்கிட்ட, இது பழைய துப்பாக்கிதான்னு ஒரு துண்டும் எழுதி வாங்கி வச்சுக்குங்க" என்று புத்தி சொன்னார். அதை முதலில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

பதுளையில் இரும்புக்கடை வைத்திருந்த ஸலீமுக்குத் துப்பாக்கி தெரியும்; அவருடைய தகப்பனார் துரைமார்களின் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்தவர். முருகையா துப்பாக்கியைப் பாய்க்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார். "பாய்க்கு இவ்வளவு கனமா?" என்றான் கண்டக்டர். "கோரப்பாயிங்க" என்றார்.

ஸலீம் பாயைப் பிரித்ததும் கடையின் முன்கதவைச் சாத்தினார். துப்பாக்கியின் அடியில் இருந்த கம்பியைக் கீழே இழுத்தார், அது வாயைத் திறந்தது.

"இது மார்ட்டினி. பட்டாளத்துத் துவக்கு. ஒரு தரத்துக்கு ஒரு தோட்டாதான் போடலாம். அந்தத் தோட்டாவும் இப்ப எங்கயும் இல்ல."

"பேரப் பாத்தீங்களா, முதலாளி? வீ. ரா."

ஸலீம் எழுத்தைப் பார்த்தார், முருகையாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்துக்கு முன்னால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது ஒங்கட பாட்டன் பேரில்ல, முருகையா. விக்டோரியா ராணி. வெள்ளக்காரன்ட பட்டாளத்துத் துவக்கு எல்லாத்துலயும் இந்த ரெண்டெழுத்து ஈக்கிம். வருசமும் துவக்கு செஞ்ச வருசம்தான், ஒங்களுக்குத் தந்த வருசமில்ல."

முருகையா கடை மூட்டையொன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வெல போகுமா?" என்று கேட்டார். வேறென்ன கேட்பது?

"நல்லாப் போகும். நுவரெலியாவுல ஒரு தொர செவத்துல மாட்ட இதத்தான் தேடுறாரு. ஆயிரத்துக்குக் கொறயாமக் குடுப்பாரு. லைசன் கேப்பாரே! லைசன் எடுக்கப் போனா பிரஜாவுரிமைப் பத்திரம் கேப்பாங்க. லைசன் இல்லாம வெச்சீந்தா மறியல்தான், கம்பி எண்ணோணும். நீங்க இதப்பத்தி ஆருக்கும் செல்லல்லியே?"

சர்க்காருக்கே எழுதிப் போட்டாயிற்று என்று எப்படிச் சொல்வது? பாய் மறுபடியும் சுருண்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பியது.

மனு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது, அதற்குப் பத்து நாள் இருந்தது. துப்பாக்கியைக் கொண்டுபோனால் மறியல், அதிலும் ராணியின் பெயரைக் காட்டிப் பாட்டன் என்று சொன்ன கேவலம் வேறு. கொண்டுபோகாவிட்டால் மனுவில் பொய் எழுதியவன். ஆற்றில் போட்டுவிடலாமா என்றால், அது பாட்டன் தோளில் தொங்கியது நிஜம்தானே! அதற்கு மனம் வரவில்லை. பத்து நாளும் ஸ்டோரில் கொழுந்தோடு கொழுந்தாக அவரும் வாடினார்.

விசாரணையில் உத்தியோகத்தர் மனுவைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த குமாஸ்தா தமிழில் கேட்டார்.

"துப்பாக்கி எங்கே?"

முருகையா திரும்பிப் பார்த்தார். வாசலில் ஒரு பொலிஸ்காரர் நின்றார்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப பாட்டன் இங்க இருந்ததுக்கு வேற சாட்சி?"

"இல்லீங்க."

"துப்பாக்கி இல்லை, சாட்சி இல்லை" என்று குமாஸ்தா சொல்லிக்கொண்டே எழுதினார். "கையெழுத்துப் போடுங்க."

வீ. முருகையா என்று போட்டார். அப்பா பெயருக்கான 'வீ'யை எழுதும்போது பேனா சற்று நின்றது. குமாஸ்தா அவசரப்படுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியாயி கேட்டாள். "என்ன சொன்னீங்க?"

"துப்பாக்கி இல்லேன்னேன். வேற சாட்சியும் இல்லேன்னேன்."

பெரியாயி கூரையை அண்ணாந்து பார்த்தாள். சாக்கு வைத்த இடத்திலேயே இருந்தது.

"அப்ப பாட்டனே இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

"ஆமா" என்றார் முருகையா.