நகராத சோறு

ஜெயசுதா தியாகதுருகம் பக்கம் களை கொத்தப் போகிறவர். வயது நாற்பத்தெட்டு. நெடுநாளாகச் சர்க்கரை, மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். போன வருடம் வேர்க்கடலை போட்ட மணிலாக் கொல்லையில் திடீரென்று வாந்தி எடுத்தார். முந்தின நாள் தின்ற சோறு பருக்கை பருக்கையாக வந்தது.

"இன்னாக்கா, இந்த வயசுல முழுகாம இருக்கியா?" என்றாள் கூட வேலை செய்த அம்சவள்ளி.

எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு வாந்தி நிற்கவே இல்லை. நாலு வாய் தின்றாலே வயிறு கல்லாகிவிடும். உடம்பு வற்ற, வயிறு மட்டும் உப்பிக் கிடந்தது. கேலிக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. சர்க்கரையால் நரம்பு தளர்ந்து, இரைப்பை சோற்றைக் கீழே தள்ளவில்லை என்றார்கள். அதற்குக் கொடுத்த மாத்திரை அரைகுறையாகத்தான் கேட்டது. இயற்கை மருத்துவப் பிரிவுக்கும் போய்ப் பார்க்கச் சொன்னார்கள்.

அங்கே டாக்டர் சந்தியா முழங்காலுக்குக் கீழேயும் மணிக்கட்டிலும் மெல்லிய அக்குபங்சர் ஊசிகளைச் செருகி, கரண்டு ஒயர் மாட்டினார்.

"வயித்துல நோவு, கால்ல குத்துறீங்களே?"

"இங்க கரண்டு லேசாத் தட்டுனா, வயித்துக்குப் போற நரம்பு முழிச்சிக்கும்மா. வயிறு அசையும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. சர்க்கரை மாத்திரையை மட்டும் விட்ராதீங்க."

கெண்டைக்கால் சதை துள்ளியது. சற்று நேரத்தில் வயிறு கடமுடவென்று உருண்டது. ஜெயசுதா கூச்சத்தோடு முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டார்.

வேலைக்குப் போகாத நாளெல்லாம் பஸ்ஸிலேயே கழிந்தது. கணவர் கொளஞ்சியப்பன்தான் கூட வருவார். பாதி வழியில் ஒருநாள், "போதும்யா, வூட்டுலயே கிடக்கிறேன்" என்றார் ஜெயசுதா. கொளஞ்சியப்பன் அவர் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

வாந்தி மெல்லக் குறைந்தது. ஒருநாள் ஊசி போட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஜெயசுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வயிறு இன்னாமோ பண்ணுதுய்யா. இழுத்துக்கினே இருக்குது."

கொளஞ்சியப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். "பசிக்குதா?"

ஜெயசுதாவுக்குப் பசி எப்படியிருக்கும் என்பது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஓட்டலில் இரண்டு இட்லி வாங்கி, டாக்டர் சொன்னபடி நிதானமாக மென்று தின்றார். ஒன்றரைக்கு மேல் முடியவில்லை. மீதியைக் கொளஞ்சியப்பன் தின்றார்.

முழுச்சாப்பாடு இன்றுவரை இறங்குவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்துச் சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறார், ஊசிக்கும் போய்வருகிறார். யாராவது கேட்டால், "பரவால்ல, உள்ள தங்குது" என்கிறார். களை கொத்தும்போது இப்போது பின்தங்கி அவர்தான் கடைசி ஆள். அம்சவள்ளி தன் வரிசையை முடித்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் வரிசையையும் கொத்திக்கொண்டு வருகிறாள்.