முழுசா வரட்டும்

அலுவலகத்தில் அப்பாவின் பட்டப்பெயர் "முழுசு". எதற்கும் "முழுசா வரட்டும், பாக்கலாம்" என்பார். வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனி அது. அதன் சர்வர் அவர் பொறுப்பு. எனக்கும் அதே தொழில்.

சிலிண்டர் கேட்டு ஆப்பில் அனுப்பும் கோரிக்கை சர்வருக்கு மொத்தமாக வந்து சேராது. கடித உறையின் மேல் எழுதியதுபோல, முகப்பில் வாடிக்கையாளர் எண் முதலில் வரும். முகவரி, தேவை எல்லாம் பின்னால் துண்டு துண்டாக வரும். கடைசித் துண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை வாசித்ததை மறுபடி வாசிக்க முடியாது. பிடித்து வைத்தால்தான் உண்டு.

ஒருநாள் காலை வந்த கோரிக்கைகள் எல்லாமே வெறுமையாக இருந்தன.

"சர்வர் ஓடிட்டுதானே இருக்கு? ஜனங்க சும்மா பட்டனத் தட்டுறாங்க," என்றார் மேனேஜர்.

"மூச்சு முட்டுறவங்க விளையாடுவாங்களா சார்?" என்றார் அப்பா.

வருகிறவற்றைக் கணக்கு வைக்க முந்தின நாள் சேர்த்த நிரல் ஒன்று, வந்ததை முதலில் வாசித்து, அளவை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. அடுத்து வாசித்த நிரலுக்கு மிச்சமில்லை. ஒரே முறை வாசித்து, நினைவகத்தில் வைத்து, இரண்டுக்கும் கொடுக்கும்படி அப்பா திருத்தினார். ஆனால் போன முகவரிகள் போனவைதான். முகப்பில் வந்த எண்கள் மட்டும் இருந்தன.

அந்த எண்களை வைத்துப் பழைய பதிவேட்டில் போன் நம்பரைத் தேடி, ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். ஒரு அம்மாள் வீடு மாறியிருந்தார். வார்த்தைக்கு வார்த்தை இளைப்பு.

"வண்டி கிளம்பணும்யா முழுசு, பழைய அட்ரஸுக்கே அனுப்பு," என்றார் மேனேஜர்.

"அங்க பூட்டுக்கா சார் ஆக்சிஜன்?" என்றவர் போனில், "மெதுவா சொல்லுங்கம்மா. நான் எங்கயும் போகல," என்றார்.

தெருப் பெயர் வந்தது. வெகுநேரம் கழித்து வீட்டு எண் வந்தது. சிலிண்டரை மாட்டியாச்சு என்று டிரைவர் சொன்ன பிறகுதான் அப்பா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவருக்கே ஆக்சிஜன் மாஸ்க். அதை விலக்கி, "மேல் அலமாரில..." என்றார். மூச்சு வாங்கியது.

"பேச வைக்காதீங்க," என்றார் நர்ஸ்.

"மெதுவா சொல்லுங்கப்பா. நான் எங்கயும் போகல."

நர்ஸ் மாஸ்க்கைப் பொருத்தினார். பிறகு அப்பா பேசவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நானும் அம்மாவும் மேல் அலமாரியைத் திறந்தோம். போர்வைகள், அவருடைய பழைய ஷூ, இரண்டு பல்பு. எதைச் சொல்ல வந்தார் என்று தெரியவில்லை. போர்வையில் கை வைத்தேன்.

"எடுக்காதடி," என்றாள் அம்மா. "எதுன்னு தெரியாம எதையும் எடுக்காத."